பாகற்காய்ச் சாறும் ஒருபொழுதும்

இந்த வருஷமும் முளைத்துவிட்டது. கொல்லையில் பந்தல் நின்ற இடத்தில், மழை விட்ட நாலாம் நாள், இரண்டு இலையை விரித்துக்கொண்டு நிற்கிறது. நான் விதை போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பந்தலைப் பிரித்துக் கம்புகளை அடுப்பில் வைத்து எரித்தும் ஆயிற்று. பழுத்து வெடித்த காய்களிலிருந்து சிதறிய விதைகள் மண்ணுக்குள் எத்தனை கிடக்கின்றனவோ, ஒவ்வொரு மழைக்கும் ஒன்றிரண்டு எழுந்து வந்துவிடுகின்றன. பார்த்தவுடன் பிடுங்கிப் போட்டுவிடுவேன். பிடுங்கும்போது விரலில் ஒட்டுகிற அந்தப் பச்சை வாசனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் மத்தியானம் வரை போகாது. நான் சத்துணவு அமைப்பாளர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தட்டு வைக்கும்போதுகூட அது என் கையில் இருக்கும்.

நான் இருக்கும் பேத்துப்பாறையில் வேறு எவளும் பாகற்கொடியைப் பிடுங்க மாட்டாள். என் வீட்டுக் கொடிக்கு அவ்வளவு பேர். "ஒங்க வீட்டு வெத ரெண்டு குடுங்கக்கா" என்று கேட்டு வருகிறவர்களை இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். கொடுக்க மனசில்லாதவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும். அந்தக் கொடியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னால், அவர்கள் கையெடுத்துக் கும்பிடுகிற ஒரு இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டி வரும். அதற்குத்தான் எனக்கு இத்தனை நாள் தைரியம் இல்லாமல் இருந்தது.

நான் கன்னிவாடிக்காரி. கீழே வெயிலில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் பாகற்கொடி வேலியில் தானாகப் படர்ந்து கிடக்கும், அதை ஒரு பயிர் என்றே யாரும் நினைத்ததில்லை. கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகுதான், காலையில் எழுந்தால் பல் கிட்டும் இந்த ஊரில் அது ஒரு அதிசயப் பண்டம் என்று தெரிந்தது. கடைக்கு வருவதும் கீழிருந்து லாரியில் வரும் வாடல்தான்.

என் வீட்டுக்காரருக்குக் காப்பித் தோட்டத்தில் வேலை. ஆறு வயதில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். அந்த ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து ஒரே ஒரு பழக்கம். பால் விடாத தேத்தண்ணிதான் குடிப்பார். சீனியை அதில் போட மாட்டார். இடது உள்ளங்கையில் குவித்து வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு. ஒரு நாளைக்கு ஐந்து தடவை இது நடக்கும். புது மருமகளாக வந்தபோது எனக்கு இதைப் பார்த்து வெட்கமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அதற்கும் அப்புறம், அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த நாளில், அந்தக் கையைத் தட்டிவிட்டது நான்தான்.

காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டும்போது காலில் பட்ட காயம் இரண்டு மாதமாக ஆறவில்லை என்று கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். நர்ஸம்மா அவரைப் பார்த்துச் சொல்லாமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். வீட்டில் யார் சட்டம் செல்லும் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள் போல.

"மாத்திர போட்டா அரை மணிக்குள்ள சாப்பிட்டுறணும். பட்டினி மட்டும் போடாதீங்கம்மா."

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். பஸ்ஸுக்கு நிற்கும்போது அதையே அவரிடம் திருப்பியும் சொன்னேன்.

ஆனால் வெறும் மாத்திரையோடு விட்டுவிட என் குணம் இடம் கொடுக்கவில்லை. அடுத்தவர் வாயில் நல்லதைத் திணிப்பதுதான் என் சோலி. முருங்கைக்கீரையைத் தட்டோரம் ஒதுக்கும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து தின்ன வைப்பேன். அப்படிப்பட்டவளுக்குப் போனில் பாகற்காய்ச் சாறு பற்றி ஒரு வீடியோ வந்தால் கேட்கவா வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர், ரத்தம் சுத்தமாகும், சர்க்கரை ஓடிப்போகும் என்று ஒருவர் மூச்சுவிடாமல் பேசினார். அடுத்த வாரமே கன்னிவாடிச் சந்தையில் மிதிபாகல் விதை வாங்கினேன். உருண்டையாக, விரல் நீளம்கூட வராத காய், கசப்பு கொஞ்சம் தூக்கல். மருந்துக்கு அதுதான் நல்லது என்று கடைக்காரர் சொன்னார்.

கவுஞ்சியில் கட்டிக்கொடுத்த அவருடைய அக்கா விஷயம் கேள்விப்பட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மேல்மலையில் படிப்படியாக வெட்டின காட்டில் பூண்டும் கேரட்டும் போடுகிறவர். "ஏலே தம்பி, ஒம் பொண்டாட்டி குளிர்ல பாவக்கா போடுறாளாம்ல. வெதைக்குக் கம்பளி வாங்கிக் குடுத்தாளா?" என்று போனில் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டு எனக்கும் கேட்க வைத்தார் இந்த மனுஷன்.

முதல் வருஷம் போட்டது மஞ்சளாகிச் செத்தது. மறு வருஷம், சமையலறைச் சுவரின் வெளிப்பக்கம், அடுப்புச் சூடு படுகிற இடமாகப் பார்த்துக் குழி எடுத்தேன். விதையின் ஓட்டை நகவெட்டியால் லேசாக உடைத்து, வெந்நீரில் ஒரு பகல் ஊறவைத்துப் போட்டேன். சில்வர் ஓக் கம்பு நட்டுப் பந்தல் போட்டு, மேல்காற்று அடிக்கும் பக்கம் உரச்சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டேன். கொடி ஏறிப் பூ வைத்தது. ஆனால் மஞ்சு மூடிய நாட்களில் வண்டு வராது, வராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். வெறும் காம்போடு நிற்பது ஆண் பூ, பின்னால் குட்டிக் காயோடு நிற்பது பெண் பூ. ஒன்றைப் பறித்து மற்றதில் தொட்டுவிட்டால் காய் பிடித்துக்கொள்ளும். தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று இதைச் செய்வேன். அவர் கீழே நின்று, "ஊர்ப் பொண்ணுங்களுக்குத் தரகு பாத்தது போதாதுன்னு பூவுக்கும் பாக்க ஆரம்பிச்சிட்டியா புள்ள" என்பார்.

காய் வந்தது. வெள்ளனே எழுந்து நாலு காயை நசுக்கித் துணியில் பிழிந்து ஒரு டம்ளர் கொடுப்பேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைப் பாத்திரம் கழுவுகிற கல்லில் டங்கென்று கவிழ்ப்பார். "பத்துக் கொலை பண்ணவனுக்குக்கூட ஜெயில்ல இதக் குடுக்க மாட்டானுங்க" என்பார். குடித்த பிறகு அவர் முகம் போகிற போக்கைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். மத்தியானம் வறுவல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் புளிக்குழம்பு. சாப்பிட்டார். ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் சத்தமே இல்லாமல் இருந்தது, அந்தக் கொடி வந்த பிறகு நாங்கள் மறுபடி பேசிச் சிரித்தோம். அது உண்மை. அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

காயம் ஆறியது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது என்றார்கள். அப்போது நர்ஸம்மா கேட்டார்.

"வேற எதாச்சும் நாட்டு மருந்து எடுக்கிறீங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

ஏன் சொன்னேன்? கேட்டால் நிறுத்தச் சொல்வார்கள் என்ற பயம் பாதி. இந்த மருந்து என் கையால் வந்தது, இதில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது என்ற திமிர் பாதி. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். பஸ்ஸில் வரும்போது, "ஏம் புள்ள சொல்லல?" என்று மட்டும் கேட்டார். "சொன்னா நிறுத்தச் சொல்லுவாங்க, விளங்குதா?" என்றேன். "சரி" என்றார். இந்தச் 'சரி'யை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்க்கிறேன். அவர் ஒரு தடவை என்னோடு சண்டை போட்டிருக்கலாம்.

அந்தக் கார்த்திகை மார்கழியில் சில நாட்கள், தோட்டத்துக்குக் கிளம்பும்போது அவர் கை நடுங்கும். நெற்றியில் வேர்த்திருக்கும். இந்த ஊரில் நடுங்காத கை எது? குளிர் என்று நினைத்து ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தேன். வேர்வையைப் பற்றி நான் யோசிக்கவில்லை. குளிரில் நடுங்குகிறவனுக்கு வேர்க்காது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

தை பிறந்தது. வருஷா வருஷம் எங்கள் ஊரிலிருந்து மாலை போட்டு, மலைப்பாதை வழியாகப் பழனிக்கு நடப்போம். பதினேழு வருஷமாக அவர் போகிறார். எங்கள் குழுவில் ஒருபொழுது விரதம், சாயங்காலம் ஒரே வேளைதான் சோறு. அந்த வருஷமும் அவர் ஒருபொழுது இருக்கிறேன் என்றபோது என் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. சாப்பிட்டால்தானே சர்க்கரை ஏறும், சாப்பிடாமல் மாத்திரையும் சாறும் உள்ளே போனால் இன்னும் நல்லதுதானே. விரதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் எல்லோரும் அசந்து போவார்கள் என்றுகூட நினைத்தேன். தைக் குளிரில் காய் நின்றுவிடும் என்பதால், கடைசிக் காய்களை ஈரத்துணியில் சுற்றிப் பத்திரமாக எடுத்துவைத்தேன்.

நடையின் இரண்டாம் நாள் காலை, இரவு தங்கிய பள்ளிக்கூட வாசலில் ஒரு கல்லைக் கழுவி, காயை நசுக்கி, அவர் பச்சைத் துண்டிலேயே பிழிந்து கொடுத்தேன். மாத்திரையும் கொடுத்தேன். நடக்கத் தொடங்கினோம். வழியில் யாரோ பக்தர்கள் பெரிய அண்டாவில் சுக்குக் காப்பி வைத்துப் போகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கருப்பட்டி வாசனை தூரத்திலேயே அடித்தது. அவர் ஒரு டம்ளரை வாங்கிவிட்டார். நான் வந்து பிடுங்கினேன்.

"ஒரு வாய் மட்டும் புள்ள. ஒரு மாதிரி வருது."

"மாலையப் போட்டுட்டு நாக்கக் கட்டத் தெரியலையா ஒங்களுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, டம்ளரை அண்டாக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். "இவருக்குச் சீனி இருக்குங்க, குடுக்காதீங்க" என்று அவரையும் எச்சரித்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார்.

சவரிக்காட்டுக்கு மேலே ஒரு வளைவு. அங்கே வரும்போது அவர் நின்றார். உடம்பு ஆடியது. கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. வாயில் ஏதோ வந்தது, வார்த்தையாக வரவில்லை. சட்டையில்லாத உடம்பில் அந்தக் குளிரிலும் வேர்வை ஓடியது. நான் அருகில் போவதற்குள் எங்கள் குருசாமி கையைத் தூக்கிவிட்டார்.

"அரோகரா! பதினேழு வருசம் காக்க வச்சு இன்னைக்கு எறங்கியிருக்கான்யா!"

உறுமிக்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள். யாரோ நெற்றியில் திருநீறு அப்பினார்கள். யாரோ எலுமிச்சம்பழத்தை நறுக்கி வீசினார்கள். கூட்டம் வட்டம் கட்டியது. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளையில்லாதவள், அழுதுகொண்டே அவர் முன்னால் போய் நின்றாள். அவர் கை நீண்டு அவள் தலையில் விழுந்தது. கூட்டம் மறுபடி அரோகரா போட்டது. அந்தக் கை ஏன் நீண்டது என்று இப்போது எனக்குத் தெரியும். கீழே விழாமல் இருக்கப் பிடித்துக்கொள்ள ஏதாவது அகப்படுமா என்று நீண்ட கை அது.

பிறகு அவர் பார்வை என் மேல் வந்தது. முப்பது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷன் என்னை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீ யாரு?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பொண்டாட்டியைத் தெரியவில்லை என்றால் உள்ளே நிற்பது அவர் இல்லை, அவன்தான். "நான் ஒன் அடிமை முருகா" என்று சொல்லி, தார்ரோட்டில் விழுந்தேன். என் நெற்றிக்கு முன்னால் அவர் பாதங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. கவாத்துக் காயத்தின் தழும்பு எனக்கு அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது. என் ஆயுசில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நிமிஷம் வேறு இல்லை. இதைச் சொல்லாமல் மறைத்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

அவர் சாய்ந்தார். "மலையேறிட்டான், மலையேறிட்டான்" என்றார்கள். சாமி விட்டுப் போனால் ஆள் மயங்குவது வழக்கம்தானே. முகத்தில் தண்ணீர் தெளித்தோம். திருநீற்றைக் கரைத்து உதட்டில் விட்டோம். மடியில் படுக்க வைத்துக்கொண்டு நான் விசிறினேன். வெரசா எழுப்ப வேண்டாம், தானாகத் தெளியட்டும் என்றார்கள். தெளியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. வெயில் மரத்துக்கு மேலே வந்துவிட்டிருந்தது. என் கால் மரத்துப்போயிருந்தது. அவர் கை ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தபோதுதான் ஒருவர் போய்க் கீழ் வளைவில் மேசை போட்டிருந்த மருத்துவ முகாமிலிருந்து ஒரு சின்ன வயது நர்ஸுப் பெண்ணைக் கூட்டிவந்தார். அவள் விரலில் குத்தி, மெஷினைப் பார்த்தாள். மறுபடி குத்திப் பார்த்தாள்.

"சுகர் பேஷண்டா? காலைல என்னம்மா சாப்பிட்டாரு?"

"சாப்பிடல," என்றேன். "மாத்திர போட்டாரு. பாவக்கா ஜூஸ் குடிச்சாரு."

ஒரு நர்ஸிடம் நான் முதல் தடவையாக உண்மை சொன்னது அப்போதுதான். "சுகர் ரொம்ப எறங்கிடுச்சு" என்று அவள் கத்தினாள், ஊசி வந்தது, கடைசியில் ஆம்புலன்ஸும் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். கண்ணைத் திறந்தார், ஆனால் எதையும் பார்க்கவில்லை. மகள் வந்து கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை. நாலாம் நாள் காலையில் போய்விட்டார்.

அங்கே இருந்த டாக்டரம்மாவிடம் நானே போய்க் கேட்டேன், பாவக்காய் கொன்றுவிட்டதா என்று. "அது நல்ல காய்தாம்மா. கறி வச்சுச் சாப்பிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. மாத்திரைக்கு மேல சாறு, அதுக்கு மேல பட்டினி, அதுக்கு மேல இத்தனை தூரம் நடை. எல்லாம் சேந்துக்கிச்சு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். மாத்திரை, சாறு, பட்டினி எல்லாம் என் கை வழியாகப் போனவை. அதை டாக்டரம்மாவிடம் நான் சொல்லவில்லை. நடை மட்டும் அவருடையது.

ஊருக்கு உடம்பைக் கொண்டுவந்தபோது சாவு வீட்டுக் கூட்டமாக இல்லை. மாலை போட்ட கோலத்தில், சாமி இறங்கின உடம்போடு போனவர் என்று பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். "குடுத்து வச்ச சாவு தாயி" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். மறு தையில் அந்த வளைவில் ஒரு வேல் நட்டு மஞ்சள் துணி கட்டினார்கள். வண்டியில் போகிறவர்கள்கூட இறங்கித் தேங்காய் உடைக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் சூடம் நான்தான் காட்ட வேண்டும் என்று கூட்டிப்போகிறார்கள். பொட்டில்லாத நெற்றியோடு நின்று நான் சூடம் காட்டுவேன், ஊரே கும்பிடும். முதல் வருஷம் உண்மையைச் சொல்லத்தான் போனேன். சொல்லவில்லை. தாலியறுத்தவளுக்கு இந்த ஊரில் கிடைக்காத மரியாதை எனக்குக் கிடைத்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. எழுதவே கூசுகிறது.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் காலையில் அடுப்புப் பற்ற வைத்துக் கொஞ்ச நேரத்தில், பாத்திரம் கழுவுகிற கல்லில் டங்கென்று டம்ளர் கவிழும் சத்தம் எனக்குக் கேட்கிறது. அடுப்பை விட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். கல் ஈரமில்லாமல் கிடக்கும். அந்தக் கல்லைத் தூக்கி வாழைக்குப் பக்கத்தில் போட்டேன், சத்தம் வாழைப் பக்கமிருந்து வந்தது. சில நாள் 'நீ யாரு' என்று கேட்கும். தலை சீவக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது கேட்டால் மட்டும் பயமாக இருக்கும்.

இப்படியே இருந்திருப்பேன். போன தை என்னை விடவில்லை.

அவர் கை தலையில் விழுந்தது என்றேனே, அந்தப் பெண்ணுக்கு அந்த வருஷமே வயிற்றில் தங்கிவிட்டது. பெண் பிள்ளை. ஊர் முழுக்க என் வீட்டுக்காரர் கொடுத்த பிள்ளை என்றுதான் பேச்சு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் படத்தின் கீழே கிடத்துவாள். பிள்ளை உண்டான நேரத்தில் அவளுக்குச் சர்க்கரை வந்தது, பிரசவத்துக்குப் பிறகும் போகவில்லை, மாத்திரை சாப்பிடுகிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்.

போன தையில் அவளும் மாலை போட்டு நடந்தாள். புருஷனும் பிள்ளையும் கூட வந்தார்கள். இரண்டாம் நாள் காலை, அதே பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து பைக்குள்ளிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். உள்ளே பச்சையாக இருந்தது. மூடியைத் திறந்ததுமே எனக்கு வாசனை அடித்துவிட்டது.

"என்னடி இது?"

"பாவக்கா சாறுக்கா. ஒங்க வீட்டுக் கொடிதான். நீங்க வெத தரலைல, வேலியோரம் மொளச்சுக் கெடந்தத மண்ணோட பேத்துட்டுப் போயி வச்சேன். சொல்லாம எடுத்ததுக்குத் திட்டாதீங்க."

"மாத்திர?"

"இப்பத்தான் போட்டேன்."

"சாப்பிட்டியா?"

"ஒருபொழுதுக்கா. அண்ணன் வேலுக்குச் சூடம் காட்டிட்டு, சாயங்காலந்தான் சோறு."

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. பாட்டிலைப் பிடுங்கி மண்ணில் ஊற்றினேன். பிள்ளைக்கென்று வாங்கி வைத்திருந்த பன்னில் ஒன்றை எடுத்து அவள் வாய்க்கு நேரே நீட்டினேன். "தின்னுடி" என்றேன். அவள் பின்னால் நகர்ந்தாள். மாலையைக் கையால் மூடிக்கொண்டாள். குருசாமி அந்தப் பக்கமிருந்து என்ன தாயி சத்தம் என்று கேட்டார். பக்கத்தில் சுருட்டிக்கொண்டிருந்த பாய்களை விட்டுவிட்டு எல்லோரும் பார்த்தார்கள்.

நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். குரலைத் தாழ்த்தத்தான் நினைத்தேன், முடியவில்லை.

"அன்னைக்கு அந்த வளைவுல சாமி வரல. அவருக்குச் சர்க்கரை எறங்கிப்போச்சு. வெறும் வயித்துல மாத்திரையும் இந்தச் சாறும் குடுத்து நடக்க விட்டது நான். சுக்குக் காப்பி கேட்டாரு, நாந்தான் பிடுங்கினேன். அந்த நர்ஸுப் பொண்ணு மெஷின்ல பாத்துச் சொல்லிச்சு. அஞ்சு வருசமா ஒங்க எல்லாத்தையும் ஏமாத்துனேன். நீயும் அதே மாதிரி ரோட்டுல ஆடப்போற. இவங்க எல்லாம் ஒன்னயச் சுத்தி நின்னு கும்பிடுவாங்க."

குருசாமி திரும்பிப் போய்த் தன் பையைக் கட்டத் தொடங்கினார். அவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் மடியில் சாய்ந்து தன் பன்னைத் தின்றுகொண்டிருந்தது.

"அப்ப எம் மக?" என்றாள்.

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. என் பாரத்தை இறக்குகிற அவசரத்தில் அதை அவள் தலையில் வைக்கிறேன் என்று தோன்றவே இல்லை.

"அது ஒனக்கும் ஒம் புருசனுக்கும் பொறந்தது. முருகன் குடுத்தான்னு வச்சுக்க. அவரு குடுக்கல. அவரு கீழ விழாம இருக்க ஒன் தலையப் பிடிச்சாரு."

"பொய் சொல்லாதீங்கக்கா. நீங்க கால்ல விழுந்தத நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"விழுந்தேன்டி. அதனாலதான் சொல்றேன்."

அவள் அழவில்லை. பன்னை என் கையிலிருந்து வாங்கினாள். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தாள். அவள் விரல் நடுங்கத் தொடங்கியிருந்ததா, அல்லது என் கண்தான் அப்படிப் பார்த்ததா தெரியாது. பிறகு ஒரு கடி கடித்தாள். மென்றாள். விழுங்க முடியாமல் தண்ணீர் கேட்டாள். முழுப் பன்னையும் தின்று முடிக்கிறவரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காருவேனே, அப்படித்தான்.

அன்று வழி முழுக்க என்னோடு ஒருவரும் பேசவில்லை. வளைவு வந்தது. குருசாமி என்னைக் கூப்பிடாமல் அவரே சூடம் காட்டினார். கூட்டம் எப்போதும் போல அரோகரா போட்டது, தேங்காய் உடைந்தது. அவளும் பிள்ளையை இறக்கிவிட்டு வேல் முன்னால் விழுந்து கும்பிட்டாள். நான் ரோட்டின் மறு ஓரத்தில், பாதாளத்துக்கு மேலே கட்டியிருக்கும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி இந்த ஊரில் எனக்கு என்ன பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புருஷனைக் கொன்றவள் என்பார்களா, சாமியைப் பழித்தவள் என்பார்களா என்று. எதுவாக இருந்தாலும் சரி என்றுதான் இருந்தது.

எழுந்து திருநீறு பூசிக்கொண்டு, அவள் ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தாள். கூட்டம் முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டது. அவள் என் முகத்தைப் பார்க்காமல், எதிரே நட்டிருந்த வேலின் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"அவருக்கு அன்னைக்கு ரொம்பப் பசிச்சிருக்குமாக்கா?"

இத்தனை வருஷத்தில் ஊரில் ஒருவரும் அவரைப் பற்றி இப்படிக் கேட்டதில்லை. வேலுக்கு என்ன படைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

"பசிச்சிருக்கும்டி," என்றேன். "நல்லாப் பசிச்சிருக்கும்." அதற்கு மேல் என் வாய் நிற்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அவர் எவ்வளவு சோறு சாப்பிட்டார், எந்தக் காயைத் தொடாமல் வைத்தார், மறு சோறு வேண்டுமா என்று நான் ஏன் கேட்காமல் போனேன் என்று ஒவ்வொன்றாக அவளிடம் சொல்லிக்கொண்டே மலையிறங்கினேன்.